பம்ப் முதல் சிலிண்டர் வரை: ஹைட்ராலிக், நியூமேட்டிக் கலைச்சொற்களைப் படிப்படியாகக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் வட்டாரக் கப்பல் பட்டறைகளிலும் பைனியர், பெஞ்சுரு பகுதிப் பழுதுபார்ப்புக் கூடங்களிலும் வேலை செய்யும் தமிழர் பலருக்கு, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்கள் கைப்பழக்கமானவை. பம்பைக் கழற்றி மாட்டுவார்கள், சிலிண்டருக்குச் சீல் மாற்றுவார்கள், வெடித்த ஹோஸைப் பார்த்ததுமே எந்த அளவில் புதியது வேண்டும் என்று சொல்வார்கள். ஆனால் அதே இயந்திரத்தின் கையேட்டையும் சுற்றுப்படத்தையும் விரித்து வைத்தால், பலருக்கும் சொற்களே தடையாகிவிடுகின்றன. கலைச்சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்ய முயல்வதுதான் இதற்கு முதன்மையான காரணம் என்பது என் கருத்து. எண்ணெய் டேங்கிலிருந்து புறப்பட்டு, வேலையைச் செய்து முடித்து, மீண்டும் டேங்குக்குத் திரும்பும் வழியில் எந்த உறுப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நினைவில் நிற்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

படி 1: அழுத்தத்தையும் பாய்வையும் பிரித்தறிதல்

இத்துறையின் எல்லாச் சொற்களும் இரண்டு அளவுகளைச் சார்ந்தவை. ஒன்று அழுத்தம், மற்றொன்று பாய்வு. அழுத்தம் விசையைத் தருகிறது; பாய்வு வேகத்தைத் தருகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். அந்த விதியைப் பயன்படுத்தி 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

அழுத்தத்தைப் பார், மெகாபாஸ்கல், பிஎஸ்ஐ ஆகிய அலகுகளில் குறிப்பார்கள். 1 பார் என்பது 0.1 மெகாபாஸ்கல், ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. பழைய ஜப்பானிய இயந்திரங்களின் கேஜில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். அது ஏறக்குறைய பாருக்குச் சமம் என்று கொள்ளலாம். பாய்வை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளக்கிறோம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவோம். உள்விட்டம் 100 மில்லிமீட்டர், தண்டின் விட்டம் 56 மில்லிமீட்டர் உள்ள ஒரு சிலிண்டர் நம்மிடம் இருக்கிறது. அதனுள் நகரும் பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அதற்கு 160 பார் அழுத்தம் கொடுத்தால் ஏறத்தாழ 125 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 12.8 டன் விசை கிடைக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் பாய்வு கொடுத்தால் தண்டு நொடிக்கு 8.5 சென்டிமீட்டர் வேகத்தில் வெளியே நீளும். உள்ளே இழுக்கும்போது தண்டு அடைத்துக்கொள்ளும் இடம் போக மீதமுள்ள வளையப் பரப்பு 53.9 சதுர சென்டிமீட்டர்தான் என்பதால், வேகம் நொடிக்கு 12.4 சென்டிமீட்டராக உயர, விசை சுமார் 8.8 டன்னாகக் குறையும். அழுத்தத்தைப் பாய்வால் பெருக்கி 600ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 10.7 கிலோவாட்.

இங்கே மனத்தில் ஆழமாகப் பதிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பம்ப் தருவது பாய்வு மட்டுமே. அந்தப் பாய்வை எதிர்க்கும் சுமைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. சுமையே இல்லாமல் சிலிண்டர் நகரும்போது கேஜ் 10 அல்லது 15 பார் காட்டினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிய பம்ப் வாங்குவது, இந்த உண்மையை அறியாததால் வரும் வீண் செலவு.

படி 2: டேங்கிலிருந்து பம்ப் வரை

டேங்கை வெறும் எண்ணெய்த் தொட்டியாகக் கருதக் கூடாது. எண்ணெயிலிருந்து காற்றுக் குமிழி பிரிவதும், தண்ணீரும் வண்டலும் அடியில் தங்குவதும், சூடு வெளியேறுவதும் அங்கேதான். மூடியில் உள்ள பிரீதர், எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும்போது காற்றை வடிகட்டி உள்ளே விடுகிறது. பம்புக்குச் செல்லும் குழாய் சக்ஷன் லைன், திரும்பி வருவது ரிட்டர்ன் லைன்.

பம்புகளில் கியர், வேன், பிஸ்டன் என மூன்று வகைகளை அறிந்தால் பெரும்பாலான இயந்திரங்களுக்குப் போதும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு எண்ணெயைத் தள்ளுகிறது என்பதைக் குறிக்கும் சொல் டிஸ்பிளேஸ்மென்ட். அது கன சென்டிமீட்டரில், பேச்சுவழக்கில் சிசி என்று, சொல்லப்படும். அது மாறாமல் இருந்தால் ஃபிக்ஸட் பம்ப். வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தால் வேரியபிள் பம்ப். 28 சிசி பம்பை நிமிடத்துக்கு 1,450 சுற்று வேகத்தில் ஓட்டினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 40.6 லிட்டர் வர வேண்டும். உள்ளேயே சிறிதளவு கசிவதால் அதைவிடக் குறைவாகவே வரும். அந்த விகிதத்துக்கு வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்று பெயர்.

கப்பல் வேலை செய்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் கரை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல கப்பல்களின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பம்பை ஓட்டும் மோட்டாரின் சுற்று வேகம் இந்த எண்ணைப் பொறுத்து மாறும். கப்பலில் 1,750 சுற்றில் ஓடி நிமிடத்துக்கு 49 லிட்டர் தந்த பம்ப், பட்டறைச் சோதனை மேடையில் 1,450 சுற்றில் 40 லிட்டர்தான் தரும். அது பழுதன்று. சோதனை அறிக்கையில் பாய்வோடு சுற்று வேகத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

பம்ப் அலறும்போது சொல்லப்படும் இரண்டு காரணங்களை வேறுபடுத்த வேண்டும். சக்ஷன் வழியில் அடைப்போ எண்ணெயின் கெட்டியோ தடையாகி, எண்ணெயிலேயே ஆவிக் குமிழிகள் தோன்றிப் பின் அழுத்தப் பக்கத்தில் நொறுங்கினால் அது கேவிட்டேஷன். தளர்ந்த இணைப்பு வழியாகவோ எண்ணெய் மட்டம் தாழ்ந்ததாலோ வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அது ஏரேஷன். முன்னதில் ஓசை கூர்மையாகச் சீராகக் கேட்கும். பின்னதில் ஓசை ஒழுங்கற்றிருப்பதோடு டேங்கில் நுரையும் தெரியும்.

படி 3: மூன்று வால்வ் குடும்பங்கள்

வால்வுகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அவை அழுத்தத்தை, பாய்வை, திசையைக் கட்டுப்படுத்துபவை என மூன்று குடும்பங்களில் அடங்கிவிடும். புதிய பெயரைக் கேட்டதும் அது இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று முதலில் கேளுங்கள்.

அழுத்தக் குடும்பத்தில் மூத்தது ரிலீஃப் வால்வ். இது சாதாரணமாக மூடியிருக்கும். வைத்த அளவைத் தாண்டும்போது திறந்து எண்ணெயை டேங்குக்கு விடும். நம் எடுத்துக்காட்டின் 40 லிட்டரும் 160 பாரில் அதன் வழியே போனால், 10.7 கிலோவாட்டும் வெறும் சூடாக மாறி எண்ணெயைக் கொதிக்க வைக்கும். அடுத்தது ரெடியூசிங் வால்வ். இது சாதாரணமாகத் திறந்திருந்து, தனக்குப் பின்னால் உள்ள கிளையின் அழுத்தம் வைத்த அளவை எட்டும்போது குறுகும். ரிலீஃப் தன் நுழைவாயில் அழுத்தத்தைப் பார்க்கிறது, ரெடியூசிங் தன் வெளிவாயில் அழுத்தத்தைப் பார்க்கிறது என்று நினைவில் கொண்டால் படத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவதற்கு எண்ணெய் விடுவது சீக்வென்ஸ் வால்வ்.

திசைக் குடும்பத்தின் பெயர் இரண்டு எண்களால் அமைகிறது. 4/3 என்றால் நான்கு போர்ட் (குழாய் இணையும் வாய்), மூன்று நிலை. நான்கு போர்ட்டுகளில் ஒன்று பம்புக்கும் ஒன்று டேங்குக்கும் மற்ற இரண்டு சிலிண்டரின் இரு முனைகளுக்கும் உரியவை. உள்ளே நகரும் உருளைக்கு ஸ்பூல் என்று பெயர். அதை நகர்த்துவது கைப்பிடியாக இருக்கலாம், மின்சாரம் வந்தால் தள்ளும் மின்காந்தமான சொலினாய்டாக இருக்கலாம், பைலட் எனப்படும் சிறு எண்ணெய்ச் சைகையாகவும் இருக்கலாம். ஸ்பூல் நடுவில் நிற்கும்போது எந்தப் போர்ட் எதனோடு சேர்கிறது என்பதே சென்டர் வகை. குளோஸ்டு சென்டரில் நான்கும் மூடியிருக்கும். டேண்டம் சென்டரில் பம்ப் எண்ணெய் டேங்குக்குத் திரும்ப, சிலிண்டர் போர்ட்டுகள் மட்டும் மூடியிருக்கும். ஃப்ளோட் சென்டரில் பம்ப் மூடியிருக்க, சிலிண்டர் போர்ட்டுகள் டேங்கோடு சேரும். ஓப்பன் சென்டரில் நான்கும் ஒன்றாகும். ஃபிக்ஸட் பம்ப் உள்ள இயந்திரத்தில் டேண்டமுக்குப் பதிலாகக் குளோஸ்டு சென்டர் வால்வைத் தவறுதலாக மாட்டிவிட்டால், இயந்திரம் சும்மா நிற்கும்போதெல்லாம் எண்ணெய் ரிலீஃப் வழியே பாய்ந்து சூடேறும்.

சுமை தாங்குதல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆட்கள் காயமடையும் இடம் இது. ஸ்பூலுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே எப்போதும் சில மைக்ரான் இடைவெளி உண்டு. ஆகவே குளோஸ்டு சென்டராக இருந்தாலும் தூக்கிய சுமை மெல்ல இறங்கும். சுமையைப் பிடித்து நிறுத்தப் பைலட் ஆப்பரேட்டட் செக் வால்வ் அல்லது கவுண்டர்பேலன்ஸ் வால்வ் தேவை. சாதாரணச் செக் வால்வ் ஒரு திசையில் மட்டும் விடும். பைலட் வகை, எதிர்முனையிலிருந்து சைகை அழுத்தம் வரும்போது மறு திசையிலும் திறக்கும். அந்தச் சைகை அழுத்தம் முழுவதும் வடிந்தால்தான் அது மூடும் என்பதால், அதனோடு ஃப்ளோட் சென்டர் வால்வைச் சேர்ப்பது வழக்கம். கவுண்டர்பேலன்ஸ் வால்வ் சுமை இறங்கும்போது அது ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டே இறக்குகிறது. அதிகபட்சச் சுமை உண்டாக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கில் அதை வைப்பது பரவலான நடைமுறை. இந்த வால்வை எப்போதும் சிலிண்டரோடு நேரடியாகவே பொருத்த வேண்டும். சிலிண்டருக்கும் அதற்கும் இடையே ஒரு ஹோஸ் இருந்தால், அந்த ஹோஸ் வெடிக்கும் நாளில் வால்வ் இருந்தும் பயனில்லை.

பாய்வுக் குடும்பத்தில் த்ராட்டில் வால்வ் எளியது. சுமை மாறினால் அதன் பாய்வும் மாறும். சுமை மாறினாலும் பாய்வைச் சீராக வைப்பது பிரஷர் காம்பென்சேட்டட் வகை. சிலிண்டருக்குள் போகும் எண்ணெயைக் கட்டுப்படுத்துவது மீட்டர்-இன். வெளியேறும் எண்ணெயைக் கட்டுப்படுத்துவது மீட்டர்-அவுட். நம் சிலிண்டர் நீளும்போது மீட்டர்-அவுட் வைத்தால், சுமையில்லாத நிலையில் தண்டுப் பக்க அழுத்தம் பரப்பு விகிதத்தால் பெருகி 233 பார் வரை ஏறலாம். ரிலீஃப் 160இல்தானே இருக்கிறது என்று நம்பித் தண்டுப் பக்கத்துக்கு 200 பார் ஹோஸ் போடுவது ஆபத்து.

படி 4: எண்ணெயைப் பற்றிய சொற்கள்

எண்ணெய் டப்பாவில் ஐஎஸ்ஓ விஜி 46 என்று இருந்தால், 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை ஏறத்தாழ 46 சென்டிஸ்டோக் என்று பொருள். சூடு ஏறினால் எண்ணெய் நீர்த்துப்போகும். எவ்வளவு குறைவாக நீர்க்கிறது என்பதைச் சொல்வது விஸ்காசிட்டி இண்டெக்ஸ். நம் ஊரின் வெப்பத்தில் 46, 68 ஆகிய இரண்டும் புழக்கத்தில் உள்ளன. எது என்பதைப் பம்ப் தயாரிப்பாளரின் கையேடே முடிவு செய்ய வேண்டும்.

தூய்மையை ஐஎஸ்ஓ 4406 குறியீடு 18/16/13 போன்ற மூன்று எண்களால் சொல்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதன் நிலைகள் அவை. ஒரு எண் கூடினால் துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஃபில்டரின் பீட்டா விகிதம் 200 என்றால், அந்த அளவுள்ள 200 துகள்கள் நுழைந்தால் ஒன்றுதான் தப்பிச் செல்கிறது. புதிய டிரம்மில் வரும் எண்ணெய் தூயது என்று பலர் எண்ணுகிறார்கள். மிக நுண்ணிய இடைவெளிகளைக் கொண்ட சர்வோ வால்வ் உள்ள இயந்திரத்துக்கு அதையும் வடிகட்டியே ஊற்ற வேண்டும்.

படி 5: நியூமேட்டிக் பக்கம்

நியூமேட்டிக் என்பது எண்ணெய்க்குப் பதிலாக அழுத்தக் காற்றால் இயங்குவது. காற்று அழுத்தினால் சுருங்கும், வேலை முடிந்தபின் வெளியே விடப்படும். நியூமேட்டிக் சொற்கள் வேறுபடுவதற்கு இவ்விரண்டு குணங்களே காரணம். டேங்குக்குத் திரும்பும் குழாய் இல்லை. அந்த இடத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டும் சைலன்சரும் இருக்கும். பேருந்துக் கதவு மூடும்போது கேட்கும் சீறல் அந்த எக்ஸாஸ்ட்தான். அழுத்தம் பெரும்பாலும் 6 பார் அளவில் இருப்பதால் விசையும் சிறிது: 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 6 பாரில் சுமார் 1,180 நியூட்டன், அதாவது 120 கிலோ அளவே தள்ளும்.

போர்ட்டுகளுக்கு இங்கே எண்கள். 1 என்பது காற்று வரும் வாய். 2, 4 வேலை வாய்கள். 3, 5 வெளியேற்றும் வாய்கள். 14 என்று குறித்த பைலட்டுக்குச் சைகை கொடுத்தால் 1உம் 4உம் இணையும். 12க்குக் கொடுத்தால் 1உம் 2உம் இணையும். 5/2 வால்வ் என்றால் ஐந்து போர்ட், இரண்டு நிலை. ஒரு பக்கம் சொலினாய்டும் மறுபக்கம் ஸ்பிரிங்கும் இருந்தால் மின்சாரம் போனதும் தானே பழைய நிலைக்கு வரும். இரு பக்கமும் சொலினாய்டு இருந்தால் கடைசியாக நின்ற நிலையிலேயே நிற்கும். மின்தடையின்போது இயந்திரம் என்ன செய்யும் என்பது இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

சிங்கப்பூரில் நியூமேட்டிக் படிப்பவர்கள் தண்ணீரைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவியைச் சுமந்திருக்கிறது. அதைக் கம்ப்ரசர் கேஜில் 7 பார் காட்டும் அளவுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் சுமார் 8 பார்) அழுத்தினால் அதன் பருமன் எட்டில் ஒரு பங்காகும். மீண்டும் 30 டிகிரிக்குக் குளிரும்போது அந்தச் சிறு பருமனால் 4 கிராமுக்கும் குறைவான ஆவியையே வைத்திருக்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராக இறங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் இழுக்கும் சிறிய கம்ப்ரசர் எட்டு மணி நேர வேலையில் ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர் தண்ணீரைப் பிழிந்து தருகிறது. குளிர்ந்த வறண்ட நாட்டில் எழுதப்பட்ட பராமரிப்பு அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்றினால் வால்வுகள் துருப்பிடிப்பது இதனால்தான்.

ஆகவே பின்வரும் உறுப்புகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். கம்ப்ரசரை அடுத்து வரும் ஆஃப்டர்கூலர் காற்றைக் குளிர்விக்கிறது. ஏர் ரிசீவர் அதைச் சேமிக்கிறது. அதன் அடியில் உள்ள டிரெயின் தண்ணீரை வெளியேற்றுகிறது. அதையடுத்து டிரையர். குளிரூட்டும் வகை டிரையர் காற்றின் பிரஷர் டியூ பாயிண்டை, அதாவது அந்த அழுத்தத்தில் நீர் பிரியத் தொடங்கும் வெப்பநிலையை, சுமார் 3 டிகிரிக்குக் கொண்டுவரும். அதற்குமேல் சூடான குழாய்களில் பிறகு நீர் தோன்றாது. இயந்திரத்தின் வாசலில் எஃப்ஆர்எல் எனப்படும் கூட்டு நிற்கும்: காற்றை வடிகட்டும் ஃபில்டர், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், எண்ணெய்த் துளி சேர்க்கும் லூப்ரிகேட்டர். இக்காலச் சிலிண்டர்கள் பல கிரீஸ் நிரப்பியே வருவதால் லூப்ரிகேட்டர் தேவைப்படாது. ஒருமுறை எண்ணெய் விடத் தொடங்கினால் அந்தக் கிரீஸ் கழுவப்பட்டுவிடும், பிறகு நிறுத்தக் கூடாது. காற்றின் தரத்தைக் கூறும் ஐஎஸ்ஓ 8573-1 குறியீட்டின் மூன்று எண்கள் முறையே துகள், நீர், எண்ணெய் ஆகியவற்றைக் குறிக்கின்றன. ஏர் ரிசீவர் என்பது மனிதவள அமைச்சில் பதிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரிடம் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டிய அழுத்தக் கலன் என்பதையும் மறக்கக் கூடாது.

படி 6: சுற்றுப்படத்தை வாசித்தல்

குறியீடுகளை ஐஎஸ்ஓ 1219 வரையறுக்கிறது. முழுக் கோடு வேலைக் குழாய். விட்டு விட்டு வரும் கோடு பைலட் அல்லது டிரெயின். புள்ளியும் கோடுமாக வரும் சட்டம் பல உறுப்புகள் ஒரே கூட்டில் இருப்பதைக் காட்டும். வட்டத்துக்குள் முக்கோணம் வெளிநோக்கினால் பம்ப் அல்லது கம்ப்ரசர், உள்நோக்கினால் மோட்டார். முக்கோணம் நிரம்பியிருந்தால் எண்ணெய், வெறுமையாக இருந்தால் காற்று. குறுக்கே சாய்ந்த அம்பு சரிசெய்யக்கூடியது என்பதைக் குறிக்கும். வால்வில் எத்தனை சதுரங்களோ அத்தனை நிலைகள்.

படம் பொதுவாக இயந்திரம் ஓய்ந்திருக்கும் நிலையில் வரையப்படுகிறது. முதலில் சிலிண்டரைத் தேடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வால்வுக்கும் பம்புக்கும் வாருங்கள். பிறகு ஒரு சொலினாய்டுக்கு மின்சாரம் வந்ததாகக் கொண்டு, அதன் பக்கத்துச் சதுரத்தைப் போர்ட்டுகளின் மேல் நகர்த்தி வைத்து, எண்ணெய் செல்லும் வழியை விரலால் தொடருங்கள். திரும்பும் வழியையும் தொடர்ந்தாக வேண்டும். பாதி வழியில் நிறுத்துபவர்களுக்குத்தான் மீட்டர்-அவுட் வால்வ் கண்ணில் படாமல் போகிறது.

படி 7: கை வைப்பதற்கு முன்

பம்பை நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டி, அட்டை மாட்டிவிட்டால் வேலை பாதுகாப்பாகிவிடாது. தூக்கிய சுமை, அக்யூமுலேட்டர் (அழுத்த வாயுவைக் கொண்டு எண்ணெயை அழுத்தத்தோடு சேமிக்கும் கலன்), அடைபட்ட குழாய் ஆகியவற்றில் ஆற்றல் தேங்கியிருக்கும். சுமையைத் தரையில் இறக்குங்கள் அல்லது முட்டுக் கொடுங்கள். அக்யூமுலேட்டரின் எண்ணெயை வடியுங்கள். பம்ப் பக்கத்துக் கேஜ் பூஜ்யம் காட்டினாலும், பைலட் செக் வால்வுக்குப் பின்னால் சிலிண்டருக்குள் அழுத்தம் அப்படியே இருக்கலாம். அதற்கான சோதனைப் பாயிண்டில் தனியாக அளக்க வேண்டும். அக்யூமுலேட்டரில் நைட்ரஜன் மட்டுமே நிரப்ப வேண்டும்; ஆக்சிஜனோ அழுத்தக் காற்றோ எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். காற்றுச் சுற்றில் மீண்டும் காற்று விடும்போது எக்ஸாஸ்ட் பக்கம் காலியாக இருப்பதால் சிலிண்டர் திடீரெனப் பாயும். காற்றை மெல்ல மெல்ல உள்ளே விடும் சாஃப்ட் ஸ்டார்ட் வால்வ் இருப்பதன் நோக்கம் அதைத் தடுப்பதே.

ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் காயம் கொசுக் கடி அளவில்தான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் சில மணி நேரத்தில் விரலையோ கையையோ இழக்க நேரும் அவசர அறுவைச் சிகிச்சை நிலை அது. உடனே ஆம்புலன்ஸ் அவசர எண்ணான 995ஐ அழைத்து, ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் செலுத்தப்பட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த எண்ணெயின் பாதுகாப்புத் தகவல் தாளையும் உடன் அனுப்புங்கள்.

படி 8: சொற்களைக் கொண்டு பழுதைச் சொல்லுதல்

பழுது வந்ததும் முதல் கேள்வி, குறைந்தது வேகமா விசையா என்பதே. வேகம் குறைந்தால் பாய்வின் வழியைத் தேடுங்கள்: பம்பின் தேய்மானம், சக்ஷன் அடைப்பு, உள்கசிவு. விசை குறைந்தால் அழுத்தத்தின் வழியைத் தேடுங்கள்: ரிலீஃப் அமைப்பு, அதில் சிக்கிய துகள், பிஸ்டன் சீல். பிஸ்டன் பம்ப் பொருத்திய வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்) காலையில் நன்றாக ஓடி மதியத்துக்குமேல் மந்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் சூடேறி நீர்த்ததும் தேய்ந்த பம்பின் உள்கசிவு கூடியிருக்கக்கூடும். அந்தக் கசிவு வெளிவரும் குழாய்க்குக் கேஸ் டிரெயின் என்று பெயர். அதைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து, தயாரிப்பாளர் தந்துள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த ஷிஃப்டுக்கு எழுதும் குறிப்பில் 'வின்ச் சரியில்லை' என்று முடித்துவிடாமல், 'எண்ணெய் 62 டிகிரியில் வின்ச் வேகம் குறைகிறது, சுமையோடு அழுத்தம் குறையாமல் நிற்கிறது, ரிலீஃப் திறக்கவில்லை, கேஸ் டிரெயின் பாய்வு காலையைவிடக் கூடியுள்ளது' என்று எழுதுங்கள். அந்த ஒரு குறிப்பைப் படிக்கும் ஆள் எந்த நட்டையும் கழற்றாமலேயே பம்பில் பார்க்கத் தொடங்குவார்.